புண்ணில்லா எரிவு

நுழையும்முன்

காயம் பட்டால் வலிக்கும். காயம் ஆறினால் வலி தீரும். உடலைப் பற்றி மனிதர் முதலில் கற்கும் பாடம் இது. இப்பாடத்திற்குள் அடங்காத நோய்கள் சில உள்ளன. வாயில் சிறு கீறலும் இன்றி, நாவில் நிறமாற்றமும் இன்றி, ஆண்டுக்கணக்கில் எரிவை மட்டும் தரும் நோய் அவற்றுள் ஒன்று. அவ்வெரிவின் காரணங்களையும் அதனைத் தணிக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பச்சை மிளகாயைத் தெரியாமல் கடித்துவிட்டவரின் வாய் எரிகிறது; கண்ணில் நீர் வழிகிறது; நெற்றி வியர்க்கிறது. தண்ணீரை எவ்வளவு குடித்தாலும் எரிவு அடங்குவதில்லை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆதலால் பாலும் தயிரும் தரும் ஆறுதலைத் தண்ணீர் தருவதில்லை. சிறிது நேரம் சென்றபின் எரிவு தானே ஓய்கிறது. அப்போது கண்ணாடிமுன் நாக்கை நீட்டிப் பார்த்தால் அங்குப் புண் இல்லை, கொப்புளம் இல்லை, வெந்த தடம் ஏதும் இல்லை. நெருப்பே படாத நாக்கு, நெருப்புப் பட்டதுபோல் எரிந்து ஓய்ந்திருக்கிறது.

இவ்விந்தைக்கு விடை 1997ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் பணியாற்றிய டேவிட் ஜூலியஸ் குழுவினர், கேப்சைசினை உணரும் புரதம் ஒன்றை நரம்பணுக்களில் கண்டறிந்தனர். அப்புரதம் நரம்பிழையின் மேலுறையில் அமைந்த சிறு கதவினைப் போன்றது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தாக்கும்போது அக்கதவு திறக்கும். நரம்பிழை விழித்துக்கொண்டு, 'சுடுகிறது' என்னும் செய்தியை மூளைக்கு விடுக்கும். அதே கதவைக் கேப்சைசினும் திறந்துவிடுகிறது. கொதிக்கும் தேநீர் திறந்ததா, மிளகாய் திறந்ததா என நரம்பு பிரித்துச் சொல்வதில்லை. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்தமைக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜூலியசுக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் வழங்கப்பட்டது.

எரிவு என்பது நரம்பு அனுப்பி, மூளை படித்துக்கொள்ளும் செய்தி. அச்செய்தி எழுவதற்கு நெருப்பு வேண்டுவதில்லை என்பதை மிளகாய் காட்டிவிட்டது. மிளகாயும் வேண்டுவதில்லை என்பதை ஒரு நோய் காட்டுகிறது. அழைப்புமணியின் பொத்தான் சிக்கிக்கொண்டால் வாசலில் எவரும் இல்லாதபோதும் மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். வீட்டிலுள்ளோர் செவியில் விழும் ஒலி பொய்யன்று, வந்தவர்தாம் இல்லை. ஏறத்தாழ இதனை ஒத்ததே அந்நோயின் நிலை.

தெரிந்து தெளிவோம்

அறுசுவையுள் கார்ப்பையும் ஒன்றாக எண்ணுவது தமிழர் மரபு. இன்றைய உடலியல் கார்ப்பைச் சுவையாகக் கொள்வதில்லை. சுவைமொட்டுகள் அதனை உணர்வதில்லை. வெப்பத்தையும் வலியையும் அறியும் நரம்பிழைகளே உணர்கின்றன. மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டால் கண் எரிவது இதனால்தான். கண்ணில் சுவைமொட்டுகள் இல்லை. மிளகிலுள்ள பைப்பரின் என்னும் பொருளும் கேப்சைசின் திறக்கும் அதே கதவைத் திறக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புதிய காயை 'மிளகாய்' என அழைத்த நாவுகள், ஆய்வகம் கண்டதை முன்னரே உணர்ந்திருந்தன எனலாம்.

எரிவின் இயல்பு

அந்நோயை மருத்துவர்கள் எரிவாய் நோய் என்கின்றனர். நாவின் நுனியும் இரு பக்க ஓரங்களும் எரியும். சிலர்க்கு மேலண்ணத்தின் முன்பகுதியும் கீழுதட்டின் உட்புறமும் சேர்ந்து எரியும். பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்து எரியும். சூடான காப்பியை அவசரத்தில் விழுங்கியபின் நாக்கு எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது என்று நோயுற்றோர் பலர் கூறுவர். எரிவோடு வாய் உலர்ந்தது போன்ற உணர்வும், இரும்பை நக்கியது போன்ற சுவையோ கசப்போ நாவில் தங்கியிருப்பதும் உண்டு. ஒருநாள் இருநாள் எரிந்து மறைவது இந்நோய் ஆகாது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேலாக, மூன்று மாதங்களுக்கு மேலாக எரிவு நீடிக்க வேண்டும். அதற்குரிய மாற்றம் எதுவும் வாயில் புலப்படாதிருக்க வேண்டும். பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் வகுத்துள்ள இலக்கணம் இது.

மாதவிடாய் நின்ற பெண்களிடையே இந்நோய் மிகுதி. ஆண்களுக்கும் இளையோருக்கும் வருவதுண்டு எனினும் அரிது. வீட்டில் மூத்த பெண் ஒருவர், 'வாய் காந்துகிறது' என்று முதன்முறை சொல்லும்போது மணத்தக்காளிக் கீரை சமைக்கப்படும். தேங்காய்ப்பால் பிழிந்து தரப்படும். வாய்ப்புண்ணுக்கு உரிய கைவைத்தியம் அது. பத்து நாள் சென்றும் எரிவு நீங்கவில்லை என்றால் வாயைத் திறந்து காட்டச் சொல்வர். உள்ளே ஒன்றும் இராது. அன்றாட வழக்கில் வாய்ப்புண் என்னும் சொல் உண்டு. புண்ணே இல்லாத எரிவுக்குத் தனிச்சொல் இல்லை. பெயரில்லாத நோயை ஊரார் நம்புவதும் அரிது. பல் மருத்துவர், காது மூக்குத் தொண்டை மருத்துவர், வயிற்று மருத்துவர் என ஒருவர்பின் ஒருவராகப் பார்த்து, 'ஒன்றும் இல்லை' என்னும் விடையையே பெற்றுத் திரும்பும் அப்பெண்ணின் துன்பம் இரட்டிக்கிறது. எரிவு ஒரு துன்பம். எரிவதை எவரும் ஏற்காமை மற்றொன்று.

நோயின் நாள்முறையை உற்றுக் கேட்டால் ஓர் உண்மை விளங்கும். காலையில் எழும்போது எரிவு இராது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். பொழுது ஏற ஏற அதுவும் ஏறி, மாலையிலும் முன்னிரவிலும் உச்சம் தொடும். உறங்கியபின் நடு இரவில் எரிவு எழுப்பிவிடுவது குறைவு. இவற்றினும் வியப்பானது, உண்ணும்போது எரிவு தணிவது. புண்ணுள்ள வாய் உணவு பட்டவுடன் துடிக்கும். சோற்றைக் கண்டாலே அஞ்சும். எரிவாய் நோயிலோ நோயாளிகளில் பலர்க்கு உணவே ஆறுதல். அதனால் சிலர் எப்பொழுதும் எதையேனும் மென்றுகொண்டே இருப்பர். 'சாப்பிடும்போது கூடுகிறதா, குறைகிறதா?' என்னும் ஒரு வினாவே தேர்ந்த மருத்துவர்க்குப் பாதி வழியைக் காட்டிவிடும்.

காரணம் காணத்தக்க எரிவு

வாய் எரிகிறது என வரும் அனைவர்க்கும் எரிவாய் நோய் என்று முத்திரை குத்திவிடல் ஆகாது. எரிவுக்கு அடியில் வேறொரு நோய் மறைந்திருக்கக்கூடும். அதனைக் களைந்தால் எரிவும் நீங்கும். ஆகவே, காணத்தக்க காரணங்கள் ஒவ்வொன்றாகத் தேடப்பட்டு, அவை இல்லை என உறுதியானபின்னரே எரிவாய் நோய் என்னும் முடிவுக்கு வருதல் முறை.

தேட வேண்டியவற்றுள் தலையாயது சத்துக்குறை. நாவின் மேற்பரப்பில் உள்ள அணுக்கள் விரைந்து பிறந்து விரைந்து உதிர்பவை. இரும்புச்சத்தும் பி12 உயிர்ச்சத்தும் போலிக் அமிலமும் குறைந்தால் அவற்றின் பிறப்பு தடைப்படும். நாவின் சொரசொரப்பான முகடுகள் தேய்ந்து, நாக்கு வழவழப்பாகிச் சிவக்கும்; எரியும். மாற்றம் கண்ணுக்குப் புலப்படும் முன்னரே எரிவு தொடங்கிவிடுவதும் உண்டு. இதனை மருத்துவம் கற்றுக்கொண்ட வரலாறு, நேரிய வழியில் நிகழ்ந்த ஒன்றன்று.

உயிருக்கு உலைவைக்கும் ஒருவகைச் சோகையில் நாக்கு சிவந்து எரிவதை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹன்டர் நுணுகி எழுதினார். அத்தகைய நாவழற்சிக்கு அவர் பெயரே இன்றும் வழங்குகிறது. அவர் கண்டது சரி. கொண்ட காரணம் பிழை. பல்லிலும் ஈறிலும் உள்ள சீழே உடல் முழுதும் நஞ்சைப் பரப்புகிறது என அவர் நம்பினார். 1910ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் அவர் ஆற்றிய உரை பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. அடுத்து வந்த ஆண்டுகளில், ஏதேதோ நோய்களுக்கெல்லாம் மருந்தாக, நல்ல பற்களும் பிடுங்கப்பட்டன. 1926ஆம் ஆண்டில் பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்பி ஆகியோர் அச்சோகை நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரலை உண்ணக் கொடுத்து அவர்களைப் பிழைக்க வைத்தனர். ஈரலில் இருந்த அந்தப் பொருள் பி12 என 1948ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. குறை சத்தில் இருந்தது. தண்டனை பல்லுக்குக் கிடைத்தது. இன்றும் எரிவாய் நோயாளிகளுள் சிலர், எரிவுக்குத் தொடர்பே இல்லாத பல்லைப் பிடுங்கிக்கொண்டும் பல்செட்டை மாற்றிக்கொண்டும் அலைகின்றனர் என்பதால் இப்பழங்கதை முற்றும் பழையதாகிவிடவில்லை.

போலிக் அமிலத்தின் வரலாறு சென்னையோடு உறவுடையது. வெப்ப மண்டல நாடுகளில் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் பரவியிருந்தது. உண்ட உணவின் சத்துகள் உடலில் சேராமல் கழிந்துபோக, நோயாளி மெலிவார். நாக்கு சிவந்து எரியும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தம் உடன்பிறந்தாரை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். தாமும் அதனால் வருந்தியவர். 1923ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற அவர், பின்னாளில் லெடர்லே ஆய்வகத்தில் தலைமையேற்று நடத்திய குழு, 1945ஆம் ஆண்டில் போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்ப்ரூ நோயாளிகளின் நாவெரிவைத் தணித்த மருந்து அது.

இச்சத்துகள் குறைவதற்கான காரணங்கள் இன்று வேறுபட்டுள்ளன. பி12 தாவர உணவில் இல்லை எனலாம். பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உள்ளது. பாலும் தவிர்க்கும் சைவ உணவினர்க்கும், இரைப்பையின் உட்படலம் நலிந்த முதியோர்க்கும், நீரிழிவுக்கு மெட்பார்மின் மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோர்க்கும் இச்சத்து குறையக்கூடும். வளரிளம் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறை மிகுதி. எளிய குருதிச் சோதனையிலேயே இவை வெளிப்பட்டுவிடும்.

ஏனைய காரணங்களும் உள. வாயில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டால் எரியும். பல்செட்டை இரவிலும் கழற்றாமல் உறங்குவோர்க்கும், நீரிழிவு கட்டுப்படாதோர்க்கும் இத்தொற்று எளிதில் வரும். உமிழ்நீர் சுரப்பு குன்றினால் எரியும். தைராய்டு சுரப்பின் குறைவும், பற்பசையிலோ வாய்கொப்பளிக்கும் நீர்மத்திலோ சேர்க்கப்படும் பட்டை மணப்பொருள் ஒவ்வாமையும் எரிவைத் தருவதுண்டு. குருதி அழுத்தத்திற்குத் தரப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ஒருவகை மருந்துகளாலும் சிலர்க்கு வாய் எரியும். மருத்துவர் அம்மருந்தை மாற்றித் தருவார். நோயாளி தாமாகவே அதனை நிறுத்துவது, வாயெரிவைவிடப் பெருங்கேட்டைத் தேடிக்கொள்வதாகும்.

பாக்கும் எரிவும்

இளையோர் ஒருவர்க்கு வாய் எரிந்தால், அதிலும் காரமான உணவை உண்ணும்போது எரிவு கூடினால், முதலில் கேட்கப்பட வேண்டிய வினா வேறு: அவர் பாக்கு மெல்லுகிறாரா?

கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் வாயின் உட்படலம் இறுகிப்போயிருந்ததை 1952ஆம் ஆண்டில் ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே பம்பாயில் மருத்துவர் ஜோஷி அதே நோயை இந்திய மண்ணில் விளக்கினார். பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலிய பொருள்கள் கன்னத்தின் உட்படலத்தில் நார்ப்புரதத்தை அளவின்றிச் சேரச் செய்கின்றன; சேர்ந்த நாரைக் கரைக்கும் இயல்பான செயலையும் குறைக்கின்றன. மென்மையான உட்படலம் வெளிறி, விரலால் தடவினால் கயிறுபோல் நெருடும் அளவுக்கு இறுகுகிறது. நோயின் முதல் அறிகுறி எரிவு. நேற்றுவரை உண்ட குழம்பு இன்று தாங்க முடியாத காரமாகத் தோன்றும். அதன்பின்னரே வாய் திறப்பது சுருங்கும். தம் கையின் மூன்று விரல்களை மேலும் கீழுமாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைப்பது பெரும்பாலோர்க்கு இயலும். இந்நோயில் அது இரண்டு விரலாகும், பின் ஒன்றாகும். சோற்றுக் கவளம் நுழையாத நிலையும் வரும்.

இறுகிய நார், பாக்கை விட்டபின்னரும் முழுமையாக நெகிழ்வதில்லை. ஆயின், தொடக்க நிலையிலேயே விட்டால் நோய் மேலும் வளராமல் தடுக்கலாம். ஊசி மருந்துகள், வாய் திறக்கும் பயிற்சிகள், முற்றிய நிலையில் அறுவை மருத்துவம் ஆகியன உள்ளன. இந்நோய் கண்ட வாயில் புற்று தோன்றும் வாய்ப்பு மிகுதி. புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கவல்லது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. 'நான் புகையிலை போடுவதில்லை, பாக்குத்தூள் மட்டுமே' என்போர் அறிய வேண்டிய செய்தி இது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா ஆகியவற்றின் விற்பனைக்கு 2013ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. ஆயினும், சின்னஞ்சிறு பொட்டலங்கள் இளையோர் கைக்கு எட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

நரம்பின் பழுது

மேற்கூறிய காரணங்கள் யாவும் தேடப்பட்டு, குருதிச் சோதனைகளும் பழுதின்றி, வாயும் நலமாகவே தோன்றி, எரிவு மட்டும் எஞ்சுமானால் அதுவே எரிவாய் நோய். நெடுங்காலம் இதனை மனத்தின் கற்பனை என மருத்துவர்கள் கருதினர். காட்டத்தக்க மாற்றம் எதுவும் இல்லாமையே அக்கருத்துக்குச் சான்றாயிற்று. உண்மையில், பார்த்த கருவி போதவில்லை என்பதே செய்தி.

2005ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த கியூசெப்பே லாரியாவும் குழுவினரும் எரிவாய் நோயாளிகளின் நாவிலிருந்து மிகச்சிறு துணுக்கை எடுத்து, நரம்பிழைகளுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணினர். நலமான நாவில் இருப்பதைவிட இழைகள் குறைந்திருந்தன, எஞ்சியவையும் சிதைந்திருந்தன. வெறுங்கண்ணுக்கு நலமாகத் தோன்றிய நாக்கு நலமாக இல்லை. கேப்சைசின் திறக்கும் அந்தக் கதவுகள் எஞ்சிய இழைகளில் மிகுந்திருப்பதைப் பின்னர் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. குறைந்த இழைகள், மிகுந்த கதவுகள்: மிளகாய் இல்லாமலே நாக்கு எரிவதற்கு இவை பொருத்தமான விளக்கம். பின்லாந்தின் துர்கு நகரில் சட்டு யாஸ்கெலாய்னென் குழுவினர் கண்ணிமைப்பு முதலிய நரம்பு அனிச்சைகளை அளந்து, சிலர்க்குப் பழுது நாவிலும் வேறு சிலர்க்கு மூளையின் வலியடக்கும் பகுதிகளிலும் இருப்பதை உணர்த்தினர். ஒரே பெயரின்கீழ் இருப்பது ஒரே நோயன்று என்பது இதனால் தெளிவாகிறது.

நாவுக்கு வரும் நரம்புகளின் அமைப்பு இவ்விடத்தில் அறியத்தக்கது. நாவின் முன்பகுதியில் தொடுதல், வெப்பம், வலி ஆகியவற்றை ஒரு நரம்பு சுமக்கிறது. சுவையை மற்றொரு நரம்பு சுமக்கிறது. சுவை நரம்பின் வழி விந்தையானது. நாவிலிருந்து புறப்பட்டு, செவிப்பறையின் உட்புறமாக, நடுச்செவியின் சிற்றெலும்புகளுக்கு இடையே புகுந்து அது மூளைக்குச் செல்கிறது. காதில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட சிலர்க்கு நாவில் இரும்புச்சுவை தோன்றுவது இதனால்தான். சுவை நரம்பு ஓயாது அனுப்பும் செய்திகள், வலி நரம்பை ஓரளவு அடக்கியே வைத்திருக்கின்றன எனச் சுவையியல் அறிஞர் லிண்டா பார்டோஷக் முதலியோர் கருதுகின்றனர். சுவை நரம்பு நலிந்தால் அவ்வடக்குதல் தளர்கிறது. வலி நரம்பு கட்டவிழ்கிறது. உண்ணும்போது எரிவு தணிவது ஏன் என்னும் வினாவுக்கு இக்கொள்கை அழகிய விடையைத் தருகிறது: உணவு, எஞ்சிய சுவையிழைகளை எழுப்பி, தளர்ந்த கடிவாளத்தைச் சற்று நேரம் இழுத்துப் பிடிக்கிறது. மாதவிடாய் நின்றபின் இந்நோய் மிகுவதற்கு, நரம்பிழைகளைக் காக்கும் சுரப்புகள் அக்காலத்தில் குறைவதே காரணமாகலாம் என்பர். இவ்விரண்டும் வலுவான கொள்கைகள். முற்றுமுடிபாக நிறுவப்பட்டவை அல்ல.

மனமும் எரிவும்

எரிவாய் நோயாளிகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் மிகுதியாகக் காணப்படுகின்றன. மனம் சோர்ந்ததால் வாய் எரிந்ததா, வாய் எரிந்ததால் மனம் சோர்ந்ததா? நாள்தோறும் பல மணி நேரம் எரியும் வாயோடு, எவரும் நம்பாத நிலையில், ஓராண்டு வாழ்பவர் சோர்வடையாதிருந்தால்தான் வியப்பு. எனினும் வழி ஒருபக்கமானதன்று. கவலையும் உறக்கமின்மையும், மூளை வலிச்செய்தியை அடக்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. எரிவு மேலும் உறைக்கிறது. கவலை மேலும் வளர்கிறது. மனத்திற்குப் பங்கு உண்டு என்று சொல்வதும், நோயே மனத்தின் கற்பனை என்று சொல்வதும் ஒன்றல்ல. மருத்துவர்களும் சில வேளைகளில் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

நோயாளிகளைப் பெரிதும் வாட்டுவது, இது புற்றோ என்னும் அச்சம். நாளில் பலமுறை கண்ணாடிமுன் நாக்கை நீட்டிப் பார்ப்பர். பிறப்பிலிருந்தே இருக்கும் நாவின் இயல்பான முகடுகளைக் கட்டி என எண்ணி நடுங்குவர். எரிவாய் நோய் புற்றாக மாறுவதில்லை. முறையாகச் சோதித்தபின் மருத்துவர் இதனைத் தெளிவாகவும் பொறுமையாகவும் எடுத்துரைத்தால், அந்த நாளிலிருந்தே எரிவின் சுமை குறைந்ததாக உணர்வோர் உண்டு.

தணிக்கும் வழிகள்

காரணம் கண்டறியப்பட்ட எரிவுக்குக் காரணத்தைக் களைவதே மருத்துவம்: குறைந்த சத்தை ஈடுசெய்தல், பூஞ்சையை அழித்தல், ஒவ்வாத பொருளை விலக்கல். எரிவாய் நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. தணிக்கும் மருந்துகளே உள்ளன.

அவற்றுள் சான்று மிகுந்தது குளோனசிபாம். வலிப்புக்கும் பதற்றத்திற்கும் வழங்கப்படும் இம்மாத்திரையை, இந்நோய்க்குத் தரும் முறை புதுமையானது. விழுங்கக் கூடாது, மூன்று நிமிடம் வாயில் சப்பி, எரியும் இடத்தில் உமிழ்நீரோடு தேக்கி, பின் துப்பிவிட வேண்டும். பிரான்சில் 48 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மருந்தற்ற மாத்திரையைச் சப்பியோரைவிட இதனைச் சப்பியோர்க்கு எரிவு நன்கு குறைந்தது. எல்லார்க்கும் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழக்கத்திற்கு அடிமையாக்கும் இயல்பு இம்மருந்துக்கு உண்டு; ஆதலால் மருத்துவரின் சீட்டின்றி இதனை வாங்குதலும் உட்கொள்ளுதலும் கூடா.

ஆல்பா லிப்போயிக் அமிலத்தின் கதை வேறு. இத்தாலியில் நிகழ்ந்த தொடக்க ஆய்வுகள் அதனைப் பெரிதும் போற்றின. பிற நாடுகளில் செய்து பார்த்தபோது மருந்தற்ற மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு காணப்படவில்லை. இந்நோயில் மருந்தற்ற மாத்திரையும் பலர்க்கு நலம் தருகிறது. அது நோயாளி பொய் சொன்னார் என்பதற்குச் சான்றாகாது. நலம் கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பே மூளையின் வலியடக்கும் வழிகளைத் திறக்கும் என்பதற்குச் சான்று. ஆனால், எந்த மருந்து உண்மையில் உதவுகிறது என்று பிரித்தறிவதை அது கடினமாக்குகிறது. 2016ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு 23 ஆய்வுகளை, 1121 நோயாளிகளின் முடிவுகளோடு தொகுத்து மதிப்பிட்டது. எந்த ஒரு மருத்துவத்தையும் உறுதியாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. 'ஒரே வாரத்தில் தீரும்' என விளம்பரம் செய்வோரிடம் செல்லுமுன் இம்முடிவை நினைவிற்கொள்வது நலம்.

மிளகாயின் கேப்சைசினே மருந்தாகவும் பயன்படுவது ஒரு வேடிக்கை. நீர்த்த அளவில் மீண்டும் மீண்டும் வாயில் படும்போது நரம்பிழையின் கதவுகள் சலித்து, அழைத்தாலும் திறவா நிலையை அடைகின்றன. காரம் பழகிய நாவுக்கு முதல் வாய் உறைப்பதுபோல் பத்தாம் வாய் உறைப்பதில்லை என்பதும் இதுவே. மருந்தின் தொடக்க நாள்களில் எரிவு மேலும் கூடுவதால் இடையில் விட்டுவிடுவோர் பலர்.

மருந்தோடு, எரிவைப் பற்றிய எண்ணங்களையும் அதற்கான எதிர்வினைகளையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் உளவியல் மருத்துவமும் பயன் தருகிறது. நாள்தோறும் செய்யத்தக்கவை எளியவை. மணமும் நுரையும் குறைந்த பற்பசையைப் பயன்படுத்தலாம். ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவியை விலக்கலாம். புகையிலையைக் கைவிட வேண்டும். எரிவு ஏறும் மாலைப்பொழுதில் பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கலாம். சர்க்கரையில்லா மெல்பசையை மெல்லலாம்.

நோய் தானே முற்றும் நீங்குதல் மிகச் சிலர்க்கே நிகழ்கிறது. பலர்க்கு ஆண்டுகள் செல்லச் செல்ல எரிவின் கடுமை குறைகிறது. இதனைத் தெரிந்துகொள்ள மருத்துவர்கள் ஓர் எளிய முறையைக் கையாளுகின்றனர். எரிவே இல்லாமைக்கு 0 என்றும், எண்ணிப் பார்க்கக்கூடிய பேரெரிவுக்கு 10 என்றும் வைத்து, காலை, மாலை இருவேளையும் அன்றைய எரிவுக்கு ஓர் எண்ணைக் குறித்துவரச் சொல்கின்றனர். வாயைத் திறந்து பார்த்து அளக்க முடியாத நோயில், நோயாளி எழுதிவரும் அந்த எண்ணே வெப்பமானி. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் அதனைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன.